ஊறுகாய்ச் சாடியில் ஒரு பச்சை வெளிச்சம்

செம்மேடு, கொல்லிமலை
8.7.2001

மதிப்பிற்குரிய திரு. தரணிதரன் அவர்களுக்கு,

வணக்கம். "ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று உங்களை நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். இனிமேல் ஏன் செய்துகொள்ளக் கூடாது என்று யாராவது கேட்டார்களா?" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள். இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை எழுதுவதற்கே பல தாள்களைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

கோபம் ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சேலத்தில் வேதியியல் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் நீங்கள் பேச வந்தபோது, கோவையில் எம்.எஸ்சி. படித்த நாளில் பக்கத்து மேசையில் பிப்பெட்டை உடைத்துக்கொண்டே இருந்த அதே ஆள்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. அதன்பிறகு உங்கள் கடிதம் வந்தால் பிரித்துப் படிக்கும்வரை டீ ஆறிப்போகிறது. இதையெல்லாம் மறைக்க எனக்குக் காரணம் இல்லை.

ஆனால் நான் நாற்பத்தொன்பது வயதுக்காரி. பதினாறு வருஷமாக இந்த மலைப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, எனக்கான சாதத்தை நானே வடித்துக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் மனைவியை இழந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தனியாக இருக்கிறவனுக்குத் தில்லிக் குளிரில் ஏதேதோ தோன்றும். அது ஜூலை மாதத்திலும் நிலைக்குமா என்று நான் பார்க்க வேண்டாமா?

எடை பார்க்கும் சோதனை ஞாபகம் இருக்கிறதா? வீழ்படிவை உலர்த்தி, ஆறவைத்து, நிறுப்போம். அந்த எடையை நம்ப மாட்டோம். மறுபடி உலர்த்தி, மறுபடி நிறுப்போம். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அது எடை. நான் இன்னும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது? அதைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
மா. அம்சவேணி


தில்லி
22.7.2001

அன்புள்ள அம்சவேணி அவர்களுக்கு,

தில்லியில் இப்போது ஜூலைதான். நிலைத்திருக்கிறது.

பிப்பெட்டை நான் உடைத்தது உண்மை. ஆனால் "உடைத்துக்கொண்டே இருந்த" என்பது அநியாயம்.

ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். இத்துடன் ஒரு தகர டப்பா அனுப்புகிறேன். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் தகடு. அதில் இருக்கிற பொருள் உங்களுக்குப் பழக்கமானது. சொல்லட்டுமா? எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் அலுமினியத்தின் அளவு கண்டுபிடிக்க, கரைசலில் ஆக்சினை ஊற்றுவோமே, மஞ்சளாக ஒரு வீழ்படிவு இறங்குமே, அதேதான். வடிகட்டி, உலர்த்தி, நிறுத்து, விடை எழுதி, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அந்த மஞ்சள் பொடி மின்சாரம் கொடுத்தால் பச்சையாக ஒளிரும் என்று அன்றைக்கு நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியாது.

இதில் இழை கிடையாது, வாயு கிடையாது, பாதரசம் கிடையாது. ஒளி ஊடுருவும் மின்கடத்திப் பூச்சு உள்ள கண்ணாடி. அதன்மேல் கரிமப் பொருள் இரண்டு படலம், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கும் மேலே ஒரு உலோகப் பூச்சு. அவ்வளவுதான். ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். ஒருநாள் டி.வி. பெட்டியைச் சுவரில் காலண்டர் மாதிரி மாட்டுவார்கள், வீட்டுக் கூரையே விளக்காகும் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் பேச மாட்டேன். இதற்கு ஒரு எதிரி இருக்கிறது. ஈரம். துளி ஈரம் உள்ளே போனாலும் கரும்புள்ளி விழும். புள்ளி பெரிதாகும். முடிந்தது கதை. அதனால் உள்ளே ஈரமில்லாத நைட்ரஜன் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியைப் பசையால் ஒட்டியிருக்கிறோம். அந்தப் பசைதான் என் இரண்டு வருஷ வேலை.

கல்யாண விஷயம். குளிரில் தோன்றியது இல்லை. என் மகள் அருணா புனேயிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, அந்த டீச்சர் என்ன எழுதியிருக்காங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். "நீங்களே கேட்டுடுங்களேன்" என்றதும் அவள்தான். வரும் மார்ச்சில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கே வந்துவிடுகிறேன். அப்பாவின் நிலம் அங்கே சும்மா கிடக்கிறது. மலையேறி வர அனுமதி உண்டா என்பதுதான் கேள்வி. அடிவாரத்தில் பிறந்தவன் கொல்லிமலை பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் ஒருதடவைகூட மேலே வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்து நீங்கள் வருத்தப்படக் கூடாது.

அன்புடன்,
தரணிதரன்


செம்மேடு
12.8.2001

திரு. தரணிதரன்,

டப்பா வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரம்மா பாப்பாயி (பக்கத்து வீடு, மிளகும் மரவள்ளியும் போடுகிறவர்கள்) தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு வந்து, நான் பிரித்து முடிக்கும்வரை நகரவில்லை.

"மாப்பிள்ள போட்டோங்களா டீச்சர்?"

"கண்ணாடி, பாப்பாயி."

"மூஞ்சி பாக்கறதுக்கா?"

பேட்டரியில் கம்பிகளை வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூலையில் மங்கலாக ஏதாவது தெரியும் என்றுதான் நினைத்தேன். தகடு முழுவதும் ஒரே சீராக, ஓரம்வரை, புது வாழையிலைப் பச்சையில் எரிந்தது. பாப்பாயி விரலை வைத்துப் பார்த்தாள்.

"சுடவே மாட்டேங்குதுங்க."

"சுடாது."

"வெளக்குன்னா சுடோணுமுங்க. சுடாத வெளக்கும் கோவிக்காத மாமியாளும் ஒண்ணு. நம்பப்படாது."

அவளும் என் கட்சிதான் என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் சாயங்காலம் தன் வீட்டுக்காரர் சென்றாயனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இன்னொருக்கா பத்த வைங்க டீச்சர்" என்றாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத அனுப்புனவரு கெட்டிக்காரருங்க" என்றார். யார் அனுப்பியது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்த மஞ்சள் பொடியை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எனக்கு அதில் மார்க் நன்றாக வந்தது. விடை சரியாக இருந்தது. கையில் இருந்தது என்ன என்று தெரியாமலே விடை சரியாக இருந்திருக்கிறது. இதை வைத்து உவமை எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் பொறுமை இருக்கிறது. இப்படியே போனால் இரண்டு பேரும் பென்ஷன் வாங்கிவிடுவோம். ஆகவே ஒரு நிபந்தனை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். துவைத்த புடவை மூன்று நாள் காயாது. உங்கள் தகட்டை ஜன்னலோர அலமாரியில் வைக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை எரிய விடுகிறேன். கார்த்திகை தீபத்தன்று எரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுவேன். அதற்குள் அணைந்துவிட்டால் நீங்கள் மறுபடி கேட்கக் கூடாது. நண்பர்களாகவே எழுதிக்கொள்வோம்.

சம்மதமா?

மா. அம்சவேணி


தில்லி
27.8.2001

அன்புள்ள அம்சவேணி,

படித்த பெண்ணிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று அருணா சிரிக்கிறாள். என் தலையெழுத்தைப் பசையின் கையில் கொடுத்துவிட்டீர்களே.

நேர்மையாகச் சொல்கிறேன். அந்தப் பசை தோற்கும். தில்லியின் வறண்ட காற்றில் பழகிய பசை அது. எங்கள் சோதனை அறையில் செயற்கையாக ஈரக்காற்று விட்டுப் பார்த்தோம். சுமாராகத்தான் தாங்கியது. கொல்லிமலை ஐப்பசியை எந்தச் சோதனை அறையிலும் செய்ய முடியாது. சிவப்பும் பச்சையும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன, நீலம் இன்னும் மோசம். நீலத்தை அனுப்பியிருந்தால் ஆவணியிலேயே எனக்கு விடை கிடைத்திருக்கும்.

ஆனாலும் சம்மதம். ஏனென்றால் வேறு நிபந்தனை நீங்கள் தரவில்லை. தகட்டைப் பாதுகாக்க எதுவும் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சோதனை சோதனையாக இருக்கட்டும். தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வேன். பிப்பெட் விஷயத்தில் ஒப்புக்கொண்டேன் அல்லவா.

பாப்பாயி அம்மாளுக்கு என் வணக்கம். கோவிக்காத மாமியார்களைப் பற்றி அவர்கள் சொன்னதை எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். இந்தியில் மொழிபெயர்த்தபோதும் சிரித்தார்கள்.

தரணிதரன்


செம்மேடு
4.11.2001

அன்புள்ள தரணிதரன்,

உங்களுக்கு ஒரு தகவல் தர வேண்டியிருக்கிறது. சோதனையை நான் கெடுத்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மலைக்குள்ளேயே குண்டூர் நாட்டுப் பக்கம் பாதையில் மண் சரிந்து, மூன்று நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் தகட்டை எரியவிட்டபோது இடது ஓரத்தில் கடுகளவு கரும்புள்ளி. அடுத்த நாள் அது மிளகாக இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, மறுபடி அலமாரியில் வைத்திருக்க வேண்டும். இங்கே வருவதற்கு முன்னால் கீழே இருந்த பள்ளிகளையும் சேர்த்து இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நான் செய்தது வேறு. குடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். வெற்றிலைக் கடையில் நீர் தெளிக்காத சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கினேன். வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்ச் சாடியைக் காலிசெய்து, கழுவி, அடுப்பின்மேல் வைத்துக் காயவைத்தேன். அடியில் சுண்ணாம்புக் கல், மேலே ஓட்டை போட்ட தகர மூடி, அதன்மேல் உங்கள் தகடு. வாயில் மெழுகு தடவி இறுக மூடினேன். ஆய்வகத்தில் ஈரம் உறிஞ்சும் சாடி வைத்திருப்போமே, அதே ஏற்பாடு, ஊறுகாய் வாசனையோடு.

இப்போது மூன்று புள்ளிகளும் அப்படியே நிற்கின்றன. கல் உதிர்ந்து மாவாகிறது. மாவானதை எடுத்துவிட்டுப் புதுக்கல் போடுகிறேன். தகட்டுக்குப் போக வேண்டிய ஈரம் எல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெற்றிலைக் கடைக்காரர், "டீச்சரு எப்ப இருந்து வெத்தல போடறீங்க?" என்று கேட்டுவிட்டார். பாப்பாயி ஊரெல்லாம், "டீச்சரு வெளக்க ஊறுகா போட்டு வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே கார்த்திகை தீபத்தன்று தகடு எரிந்தால் அது பசையின் வெற்றி இல்லை. இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்தில் அண்ணன் காளியண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சும்மா தெரிந்துகொள்வதற்காக, ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "அம்பது வயசுல எதுக்கு அம்மிணி?" என்றார். அண்ணி, "அம்பதுல வேண்டாம்னா அறுபதுலயா பண்ணுவாங்க?" என்றார். அண்ணன் டீயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "பையன் எந்த ஊரு?" என்று கேட்டார்.

பையனுக்கு ஐம்பது வயது என்றேன். காளப்பநாயக்கன்பட்டி என்றதும், "அட, நம்ம பக்கமா" என்று முகமே மாறிவிட்டது. தோட்டம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆரம்பித்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

அம்சவேணி


தில்லி
15.11.2001

அன்புள்ள அம்சவேணி,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார முடியவில்லை.

முதலில் தொழில் விஷயம். ஊறுகாய்ச் சாடி முட்டாள்தனம் இல்லை. கண்ணாடி மூடிக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து ஒட்டுவதை உலகத்தில் பலரும் செய்து பார்க்கிறார்கள். நாங்கள் பசையையே நம்பிக்கொண்டிருந்தோம். அடுத்த தகட்டில் உள்ளே சுண்ணாம்பு வைக்கப் போகிறோம்.

இரண்டாவது, சோதனை செல்லாது. அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சோதனை செல்லாது என்றால் நிபந்தனையும் செல்லாது. ஆகவே தகடு எரிந்தாலும் அணைந்தாலும் நீங்கள் எனக்கு எந்தப் பதிலும் தரவேண்டியதில்லை. கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குக் கெடு இனி இல்லை. நீங்கள் பேசாமல் இருந்தாலும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். பசை தோற்றிருந்தால் உங்களுக்கு ஒரு தொல்லை விட்டது. நானும் கேட்டிருக்க மாட்டேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு வாங்கியது யாருக்காக?

உவமை எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

தரணி

பி.கு.: கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அண்ணனிடம் சொல்லவும்.


செம்மேடு
30.11.2001, கார்த்திகை தீபம்

அன்புள்ள தரணி,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. கடைசிக் கேள்வியை மட்டும் பலதடவை படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் நோட்டில் அமிலத்தைக் காரம் என்று திருத்திவிட்டேன். அவள் எழுந்து நின்று, "மிஸ், நீங்க சொன்னதுதான் தப்பு" என்றாள். ஆமாம் என்றேன்.

இன்று சாயங்காலம் பாப்பாயி வந்து என் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்டாள். இரண்டு வீட்டு வாசலிலும் அகல் வரிசை. "அதையும் வைங்க டீச்சர், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள். சாடியிலிருந்து வெளியே எடுத்தால் பனி படும் என்றேன். "ஒரு நாளைக்குத்தானுங்க." சரி என்று எடுத்துவந்து வரிசையின் கடைசியில் பேட்டரியோடு வைத்தேன். அகல்களெல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, இது மட்டும் அசையாமல் பச்சையாக உட்கார்ந்திருந்தது. தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். சென்றாயன் அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இது மாவுங்க. மஞ்சா மாவு. கரண்டு குடுத்தா பச்சையா எரியும். எங்க டீச்சரு அந்தக் காலத்துலயே செஞ்சிருக்காங்க." தொட்டியில் கொட்டியதை அவர் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

பனி இறங்கி எதிர் வீட்டு அகல்கள் மறைந்த பிறகும் அது தெரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் போன பிறகு பேட்டரியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கும் நேரத்தைவிட அதிகமாகவே எரியவிட்டேன்.

சுண்ணாம்பு யாருக்காக என்று கேட்டீர்கள். எனக்காக. அந்தத் தகடு அணையக் கூடாது என்று எனக்கு வேண்டியிருந்தது. முடிவு இன்னதுதான் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் சோதனை செய்யக் கூடாது. நான் ஆசைப்பட்டேன். அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது.

ஆகவே பதில்: வாருங்கள். நான் மலையை விட்டு இறங்க மாட்டேன், எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மேலேயும் கீழேயும் போய் வரலாம். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள். கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் பள்ளத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். அப்படியும் வாந்தி வந்தால் வரட்டும், செம்மேட்டில் தண்ணீர் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை இப்போது ஒட்டப்போவதில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். தீபத்தன்று, தெருவே பாராட்டிவிட்டுப் போன பிறகு வருகிற எடையை நான் நம்ப மாட்டேன். நாளைக்கு மறுபடி படித்துப் பார்க்கிறேன்.

1.12.2001

காலையில் பேட்டரியை இணைத்தேன். தகடு எரியவில்லை. கம்பிகளைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். எரியவில்லை. பழைய பேட்டரியாக இருக்கும் என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் புதிது வாங்கிவந்து வைத்தேன். அதற்கும் எரியவில்லை. லென்ஸில் பார்த்தால், உலோகப் பூச்சு ஓரத்திலிருந்து உரிந்து, புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. நேற்றைய பனி உள்ளே போயிருக்கிறது.

அதன்பிறகு இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை.

இதைத் தபால் ஆபீஸ் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மத்தியான பஸ்ஸுக்குப் பை கட்ட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். பாப்பாயி என்னோடு வந்திருக்கிறாள். வழியெல்லாம் ஊர்க் கண் பட்டுவிட்டது, சுற்றிப் போட்டிருக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே வந்தாள். இப்போது என் முகத்தையே பார்த்துவிட்டு, "வெளக்குதான் செத்துப் போச்சே, அப்பறம் எதுக்குங்க டீச்சர் சிரிக்கறீங்க?" என்று கேட்கிறாள்.

ஒட்டுகிறேன்.

அம்சவேணி